வாவிக்கரைப் பாடசாலைகளும் இயந்திர இலத்திரனியலும்: விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானக் கல்வியின் தரம் பற்றி எம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டம், பரீட்சைப் பெறுபேறு, ஆளணிப் பற்றாக்குறை என்னும் மூன்றையே சுற்றிவருகின்றன. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தம் கையால் ஒரு கருவியை அமைத்து, அது பிழையாக இயங்கும்போது அப்பிழையின் காரணத்தைத் தேடிக் கண்டறிய வல்லவரா என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. ஆயின் விஞ்ஞானம் வகுப்பறையில் உயிர்பெறுவதும் உயிரிழப்பதும் இவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையிலேயே தங்கியுள்ளது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பாடசாலைகளை மனத்திற்கொண்டு, இயந்திர இலத்திரனியல் என்னும் துறை உயர்தர, சாதாரண தர வகுப்புகளின் விஞ்ஞான ஆசிரியர்க்கு எவ்வகையிற் பயன்படும், அதற்கான பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவாம்.

முதலில் இத்துறை யாதெனத் தெளிந்துகொள்ளல் வேண்டும். 'மெக்கற்றோனிக்ஸ்' என்ற சொல்லை 1969இல் யப்பானின் யஸ்காவா மின்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த ரெற்சுரோ மோரி என்னும் பொறியியலாளர் ஆக்கினார். இயந்திரவியல், இலத்திரனியல் என்னும் இரு துறைப்பெயர்களின் துண்டுகளைப் பொருத்தியே அச்சொல் உருவாயிற்று. அந்நிறுவனம் அதனைத் தன் வணிகக் குறியாகப் பதிவுசெய்து வைத்திருந்து, 1982இல் உரிமையைக் கைவிட்டது. அதன் பின்னரே சொல் உலகப் பொதுவாயிற்று. நாம் ஈண்டு 'இயந்திர இலத்திரனியல்' என வழங்குகின்றோம். பெயர் எதுவாயினும் பொருள் எளியது. புறவுலகின் ஒரு கணியத்தை, அது வெப்பநிலையாகவோ நீர்மட்டமாகவோ ஒளியாகவோ இருக்கலாம், ஓர் உணரி மின் சைகையாக மாற்றுகின்றது; ஒரு சிறு கணனி அச்சைகையை வேண்டிய அளவோடு ஒப்பிடுகின்றது; ஒப்பீட்டின் முடிவுக்கேற்ப ஒரு மோட்டரோ வால்வோ இயங்கிப் புறவுலகை மாற்றுகின்றது; மாறிய நிலையை உணரி மீண்டும் அளக்கின்றது. இவ்வாறு முடிவு தொடக்கத்துக்குத் திரும்பிவருவதனையே பின்னூட்டல் என்பர்.

இது எமது மக்களுக்குப் புதியதொன்றன்று. கண்டத்து நீர்மட்டத்தைக் கண்ணால் அளந்து, பயிரின் தேவையோடு மனத்தில் ஒப்பிட்டு, துருசைத் திறக்கவோ அடைக்கவோ செய்த வட்டவிதானை செய்ததும் இதுவே. அவருடைய கண்ணின் இடத்தில் உணரியும், அனுபவத்தின் இடத்தில் ஒரு நிரலும், கையின் இடத்தில் ஒரு மோட்டரும் வந்துள்ளன. வட்டவிதானையின் அனுபவத்தை ஒரு நிரலாக எழுத முயலும் ஆசிரியர், அவர் எத்துணை நுட்பமாக முடிவெடுத்தார் என்பதனை விரைவில் உணர்வார்.

கையும் அறிவும் பிரிந்து நிற்றலே எமது கல்வி மரபின் பெருங்குறை எனக் கருதுகின்றோம். இக்குறையை நீக்கும் முயற்சி இந்நாட்டில் முன்பும் நிகழ்ந்துள்ளது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த விஞ்ஞானத்தையும், அதனோடு தொழின்முன்னிலைப் பாடங்களையும் புகுத்தியது. அவ்வப்பிரதேசத்தின் தொழில்களான மீன்பிடி, நெசவு, மரவேலை முதலியன வகுப்பறைக்குள் வருதல் வேண்டுமென்பதே அதன் நோக்கம். கொள்கையளவில் அது துணிவானது. ஆயினும் 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. இதற்கு அரசியலை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மீனவரின் பிள்ளைக்கு மீன்பிடியையும் உத்தியோகத்தரின் பிள்ளைக்குப் பௌதிகவியலையும் கற்பிக்கும் ஏற்பாடாகவே பெற்றோர் பலர் அதனைக் கண்டனர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்றும் சொல்லுவதற்கில்லை. தொழில் ஒருபுறமும் விஞ்ஞானம் மறுபுறமுமாக இரு பாடங்களாகவே நின்றன. வலை பின்னுதலுக்கும் விசைகளின் சமநிலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டவல்ல ஆசிரியர் எவரும் உருவாக்கப்படவில்லை.

2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டபோதும் இப்பிரிவினை வேறோர் உருவில் மீண்டது. பொறியியற் றொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் எனப் பயனுள்ள பாடங்கள் வந்தன. ஆனால் விஞ்ஞானத்துறையிற் சேரத் தகுதியற்றோர் செல்லும் இடம் என்ற எண்ணமும் உடன் வந்தது. எனவேதான் இயந்திர இலத்திரனியலை இன்னொரு புதிய பாடமாக ஆக்கவேண்டாம் என்கின்றோம். தரம் 10, 11 விஞ்ஞானத்திலும் உயர்தரப் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் ஏற்கெனவே உள்ள அலகுகளைக் கற்பிக்கும் கருவியாகவே அது வகுப்பறைக்குள் வருதல் வேண்டும். பெயர்ப்பலகை மாறவேண்டியதில்லை, மேசையின்மேல் உள்ள பொருள்களே மாறவேண்டும்.

இது எவ்வாறு கூடும்? வாவியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மாரியில் மேற்கிலிருந்து ஆறுகளும் குளங்களின் வான்நீரும் வாவியை நன்னீராக்குகின்றன. கோடையிற் கடல்நீர் முகத்துவாரத்தினூடாக உள்ளே ஏறுகின்றது. ஆகவே ஒரே இடத்தில் நின்று ஆண்டு முழுவதும் அளந்தால், நீர்மட்டமும் உவர்த்தன்மையும் மாறிக்கொண்டேயிருக்கும் ஓர் இயற்கை ஆய்வுகூடம் மாணவர்க்குக் கிடைக்கின்றது. 1957ஆம் ஆண்டின் வெள்ளத்தையும், 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட மக்களுக்கு நீர்மட்டம் என்பது பாடநூலின் ஒரு வரியன்று.

(பாடுமீனைக் குறிப்பிடாத மட்டக்களப்புக் கட்டுரை அரிது. நாமும் ஒருமுறை குறிப்பிடுவோம்: கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாங் அடிகளார் என்னும் அமெரிக்க யேசுசபைத் துறவி கல்லடிப் பாலத்தருகே நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வோசையைப் பதிவுசெய்தார். வியந்து பாடியோர் பலர். உணரியை நீரில் இறக்கியோர் மிகச் சிலர்.)

நீர்மட்டத்தை அளக்க ஒரு மிதவையும், அதனைத் தாங்கும் 20 சென்ரிமீற்றர் நீள நெம்பும், நெம்பின் சுழலச்சிற் பொருத்திய ஒரு மாறுந்தடையும் போதும். பழைய வானொலிப்பெட்டியின் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழே மாறுந்தடையாகும். அதன் இரு முனைகளுக்கிடையே 5 வோல்ற்று அழுத்த வித்தியாசத்தை வழங்கினால், நடுமுனையின் அழுத்தம் நெம்பின் கோணத்துக்கேற்ப மாறும். இவ்விடத்தில் நெம்பும் ஓமின் விதியும் மிதத்தல் தத்துவமும் ஒரே கருவியிற் சந்திக்கின்றன. பாடநூலில் இவை வெவ்வேறு அலகுகள். வெவ்வேறு தவணைகளிற் கற்பிக்கப்படுவன.

நடுமுனையை ஒரு நுண்கட்டுப்படுத்தியோடு இணைக்கின்றோம். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட ஆடுயினோ பலகை இதற்குப் போதுமானது. அதன் வரைபடம் எவரும் பயன்படுத்தத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டமையால், பல நாடுகளிலும் மலிவாகச் செய்யப்படுகின்றது. அப்பலகை 0 முதல் 5 வோல்ற்று வரையுள்ள அழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்து எண்ணாகத் தருகின்றது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. மாறுந்தடை சுமார் 270 பாகை சுழலுமாயின், ஒரு படிக்குரிய கோணம் 0.26 பாகை. 20 சென்ரிமீற்றர் நெம்பின் நுனியில், நெம்பு கிடையாக இருக்கும் நிலைக்கு அண்மையில், இது 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரமாகும். அதனிலும் நுண்ணிய மாற்றத்தை இக்கருவியாற் காண இயலாது. நெம்பை நீட்டினாற் பெரிய வெள்ளத்தையும் அளக்கலாம்; ஆனால் ஒரு படி குறிக்கும் உயரமும் உடன் பெருகும். வீச்சையும் நுண்மையையும் ஒருங்கே பெறமுடியாது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் கரும்பலகையில் விளக்கல் அரிது.

இதுவரை எல்லாம் இலகு. பயிற்சியின் உண்மையான பயன் கருவி பொய்சொல்லத் தொடங்கும்போதே தோன்றுகின்றது. நன்னீர் நிரம்பிய தொட்டியில் அளவுகுறித்த அதே கருவியைக் கடல்நீரில் வைத்துப் பார்க்கட்டும். மிதவை நன்னீரில் 5 சென்ரிமீற்றர் ஆழம் அமிழ்வதாயின், கன மீற்றருக்கு 1025 கிலோகிராம் அடர்த்தியுள்ள கடல்நீரில் 4.88 சென்ரிமீற்றரே அமிழும். நீர்மட்டம் சிறிதும் மாறாதிருக்க, கருவி 1.2 மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டதாக அறிவிக்கும்! இவ்வழு கருவியின் ஒரு படியைவிடச் சற்றுப் பெரியது. ஆகவே எண்ணிற் புலப்படும். மாரிக்கும் கோடைக்கும் இடையில் வாவிநீரின் அடர்த்தி மாறுவதால், முகத்துவாரத்தருகே வைக்கப்படும் மிதவையில் இவ்வழு தானே தோன்றும். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் பல ஆண்டுகள் மனனஞ் செய்வித்த ஆசிரியர், அத்தத்துவம் தம் அளவீட்டைக் குழப்புவதைக் காணும் அக்கணத்திலே அதனை உண்மையிற் கற்கின்றார் எனலாம்.

அடுத்து, நீர்மட்டம் 10 சென்ரிமீற்றரைத் தாண்டியதும் ஒரு சிறு மோட்டர் துருசைத் திறக்குமாறு நிரலை எழுதுகின்றோம். தொட்டியில் ஒருவர் விரலால் அலை எழுப்பினாற் போதும். மட்டம் எல்லைக்கு மேலும் கீழுமாக ஆட, மோட்டர் ஓயாது திறந்தடைத்து நடுங்கும். பரிகாரம் எளிது: 10.5இல் திற, 9.5இல் அடை எனத் திறத்தற்கும் அடைத்தற்கும் வெவ்வேறு எல்லைகளை வகுப்பதே. அலையடிக்கும் ஒவ்வொரு முறையும் வட்டவிதானை துருசுக்கு ஓடியதில்லை அன்றோ? குளிரூட்டியிலும் மின்னழுத்தியிலும் உள்ள வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இத்தத்துவத்தாலேயே இயங்குகின்றது. எம்முடல் தன் வெப்பநிலையையும் குருதியின் வெல்லத்தையும் காத்துக்கொள்ளும் ஒழுங்கும் பின்னூட்டலே என உயிரியல் ஆசிரியரும் இம்மேசையருகே வந்து நிற்கலாம்.

இரசாயனவியல் ஆசிரியர்க்கும் இங்கு இடமுண்டு. உவர்த்தன்மையை அளக்க, தீர்ந்துபோன மின்கலங்களிலிருந்து எடுத்த இரு காபன் கோல்களை நீரில் இறக்கி அவற்றிடையேயுள்ள தடையை அளந்தால் என்ன என்னும் எண்ணம் எவருக்கும் எழும். நேரோட்டத்தால் அளக்கும்போது வாசிப்பு நிலைத்து நிற்காது. நிமிடத்துக்கு நிமிடம் நகரும். கோல்களின்மேற் குமிழிகள் தோன்றும். சற்று நேரத்தில் குளோரீனின் மணமும் எழும். அளப்பதற்கு வைத்த கருவி அளக்கப்படும் நீரையே மாற்றிக்கொண்டிருக்கின்றது, இது மின்பகுப்பு. கதோட்டில் ஐதரசன், அனோட்டிற் குளோரீன் என்று மாணவர் விடைத்தாளில் எழுதும் அதே நிகழ்ச்சி இங்கு இடையூறாக வந்து நிற்கின்றது. இரு கோல்களின் முனைவுகளை விநாடிக்குப் பன்முறை மாற்றி ஆடலோட்டத்தால் அளந்தால் இவ்விடையூறு பெரிதும் குறையும். நுண்கட்டுப்படுத்திக்கு இது சில வரி நிரல். காற்றோட்டமுள்ள இடத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும் என்பதனையும் ஆசிரியர் மறத்தலாகாது.

இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் சற்று விரித்துரைத்தமைக்குக் காரணமுண்டு. சந்தையில் இன்று பெட்டியிலடைத்த இயந்திரமனிதத் தொகுதிகள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பாடசாலைகளுக்கு வழங்கி, நாளிதழிற் படமும் வெளியிட்டு, நவீன கல்வி வந்துவிட்டதாகக் கூறுவது இலகு. அத்தொகுதிகள் பிழைவிடாதவாறு ஆக்கப்பட்டவை. பிழைவிட்டாலோ திறந்து பார்க்க முடியாதவை. முதற்பழுதோடு அவை அலுமாரிக்குள் சென்றுவிடும். பொருட்பதிவேட்டில் இருப்பு உள்ளவரை அதிபர்க்குக் கவலையில்லை. உடைந்தால் விளக்கம் எழுதவேண்டும் என்பதால் ஆசிரியரும் எடுப்பதில்லை. உபகரணத்தைக் காத்தல் என்னும் நிருவாக ஒழுங்கு உபகரணத்தைப் பயன்படுத்தலுக்கு எதிராகவே இயங்கும் விந்தையை எம்மிற் பலர் அறிவோம். உடைவதற்கென ஒரு பங்கை ஒதுக்காத எப்பயிற்சித் திட்டமும் வீண் என்பதே எமது கருத்து.

இனிப் பயிற்சியின் வடிவத்தை நோக்குவாம். இத்துறையில் நேரடியாக ஆசிரியர்க்கென அமைந்த முயற்சிகளுள் ஒன்று நியூயோர்க்கின் புரூக்ளினில் நிகழ்ந்தது. அங்கிருந்த பொலிரெக்னிக் பல்கலைக்கழகம், இன்று நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பிரிவாக உள்ளது, 2003 முதல் நகரத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியரைக் கோடை விடுமுறையில் தன் ஆய்வுகூடத்துக்கு அழைத்தது. முதலில் உணரிகளும் நுண்கட்டுப்படுத்தியும் பற்றிய வழிகாட்டற் பயிற்சி; பின்னர் ஆசிரியர் தாமே ஓர் ஆய்வுப் பிரச்சினையில் ஈடுபடல்; இறுதியில் அதனைத் தம் வகுப்புக்குரிய பாடமாக மாற்றுதல் என்பது அதன் ஒழுங்கு. பாடத்தைப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுக்கவில்லை, ஆசிரியரே எழுதினர் என்பதே கவனிக்கற்பாலது. ஆயின் தேசிய விஞ்ஞான நிறுவகத்தின் நிதியும் அருகில் ஓர் ஆய்வுகூடமும் அவர்களுக்கு இருந்தன.

எமக்கு நெருங்கிய பாடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்திலிருந்து கிடைக்கின்றது. எமது சீர்திருத்தம் தொடங்கிய அதே 1972இல், அங்கே கிசோர் பாரதி, ரசூலியா நண்பர் கிராமிய நிலையம் என்னும் இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பாடசாலைகளிற் செய்துகற்கும் விஞ்ஞானத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. மலிவான உபகரணம், திறந்த நூற் பரீட்சை, யாவற்றுக்கும் மேலாக ஆசிரியரின் மாதாந்தக் கூட்டம் ஆகியவை அதன் தூண்கள். கூட்டத்தில் ஆசிரியர் தம் வகுப்பிற் றோல்வியடைந்த பரிசோதனையைக் கொண்டுவந்து வைத்தனர். 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் வேரூன்றிய முயற்சியும் ஓர் ஆணையால் முடிவுறலாம் என்பது கசப்பான பாடம். ஆனால் ஆணையின்றியே மூன்றாம் மாதத்தில் வாடிப்போகும் எமது கருத்தரங்குகளோடு ஒப்பிட்டால் முப்பது ஆண்டு சிறிதன்று.

போரால் அழிந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்க்கென யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறுநூலை வெளியிட்டது. கண்ணாடிக் குவளையும் மெழுகுதிரியும் தகரப்பேணியும் கொண்டு கருவி செய்யும் முறைகளைக் கூறிய அந்நூலே விரிந்து 1956இல் உலகெங்கும் பரவிய விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூலாயிற்று. அழிவு எமக்கும் அந்நியமானதன்று. தகரப்பேணியின் இடத்தில் இன்று கழிக்கப்பட்ட அச்சுப்பொறியும் இறுவட்டுச் செலுத்தியும் வீதியோரக் கடைகளிற் கிடக்கின்றன. ஒரு பழைய அச்சுப்பொறிக்குள் மோட்டரும் பற்சில்லும் ஒளியுணரியும் உள்ளன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதனை நினைவுகூருவோர், கழிவைப் பிரித்தெடுக்கும் கலை பயிற்சியின் முதல்நாளுக்கே உரியதென்பதை ஏற்பர்.

பயிற்சியின் களம் எது? வந்தாறுமூலையில் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் முழுநிலை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்புத் தேசிய கல்வியியற் கல்லூரியும் அறிவுக்குத் துணைநிற்கலாம். ஆனால் பயிற்சி அங்கேயே நிகழுமாயின், எழுவான்கரையின் பெரிய பாடசாலைகளே மீண்டும் பயன்பெறும். கல்லடியிலிருந்து வருவோர்க்கு அது ஒரு பஸ் பயணம். படுவான்கரையின் உட்கிராமத்து ஆசிரியர்க்கு ஒரு முழுநாள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் 'பாதை'யையே நம்பியிருந்த மக்கள் அவர்கள். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் மட்டக்களப்பு மேற்கிலிருந்தே பயிற்சி தொடங்கவேண்டும் என்போம். ஆசிரியர் மத்திய நிலையம் ஒன்றில் நான்கு மேசைகளும் மின்பற்றாசு கோல்களும் இருந்தால் தொடங்கலாம். ஒரு பாடசாலையிலிருந்து ஒருவராக அன்றி இருவராக அழைத்தல் நன்று. தனியொருவர் இடமாற்றம் பெற்றுச் செல்ல, அவர் கற்றதும் அவரோடு சென்றுவிடும் என்பது பழைய அனுபவம்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். இவ்வாவிக்கரையின் தலைசிறந்த அறிஞராகப் போற்றப்படும் காரைதீவின் விபுலானந்த அடிகள் அடிப்படையில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். யாழை ஆராய்ந்தபோதும் நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணித்தே ஆராய்ந்தார். எம் விழாக்களில் அவரின் துறவும் தமிழும் பேசப்படுமளவுக்கு இப்பக்கம் பேசப்படுவதில்லை. நுண்கட்டுப்படுத்தியின் நிரற்சொற்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன, அவற்றை மாற்றவேண்டியதில்லை. ஆனால் கருவி ஏன் நடுங்குகின்றது என்பதைத் தமிழில் விளக்க இயலாத ஆசிரியர், தமக்கே அதனை விளக்கிக்கொள்ளவில்லை. பயிற்சிபெறுவோர் ஒவ்வொருவரும் தம் கருவியின் பழுதுகளைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். கலைச்சொற்கள் அங்கிருந்தே பிறக்கட்டும்.

பரீட்சை இதற்கு நேரம் தருமா என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. தருமெனப் பொய் கூறமாட்டோம். ஒரு மிதவைக் கருவி மூன்று அலகுகளுக்குப் பயன்படுமாயின் சிறிது நேரம் மிஞ்சும், அவ்வளவே. அதற்கு மேல் வேண்டுமெனின், பாடசாலைமட்டக் கணிப்பீட்டில் இவ்வேலைக்குப் புள்ளி வழங்க வலயப் பணிப்பாளர்கள் இணங்குதல் வேண்டும். ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பிய திட்டங்கள் ஆர்வமுள்ள ஆசிரியரையே களைப்படையச் செய்துள்ளன.

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் இறுதியில் நெருங்கும். ஓகஸ்ற் விடுமுறையிற் பயிற்சி நிகழ்ந்தால், மழைக்கு முன்னரே வாவியின் இரு கரைகளிலும் சில பாடசாலைகள் தம் மிதவைகளை நாட்டிவிடலாம். வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் முகத்துவாரத்து மணற்றிடலை வெட்டிவிடுவதா, எப்போது வெட்டுவது என்னும் வழக்கு எழுகின்றது. வயல் அமிழும் விவசாயி உடனே வெட்டச் சொல்லுகின்றான். இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என மீனவன் தயங்குகின்றான். முடிவு கச்சேரியில் எடுக்கப்படுகின்றது. அவ்வேளையில் மண்டூரில் மட்டம் எவ்வளவு, வவுணதீவில் எவ்வளவு, கல்லடியில் எவ்வளவு என மணிக்கு மணி எழுதிய குறிப்பேடுகளோடு மாணவரும் அவர்தம் ஆசிரியரும் அக்கூட்டத்துக்குச் செல்லலாம். அவ்வெண்கள் உவர்நீருக்காகத் திருத்தப்பட்டனவா என்று எவரேனும் கேட்பின், விடைசொல்ல அவர்களால் இயலும்.